கேட்டபின் ஆக்கும் வணிகம்
இணையவழி அச்சுச் சட்டைத் தொழில் வளர்ந்த வரலாறு

பழைய மாணவர் சங்கத்தின் அலுமாரியொன்றிலே, விழா முடிந்து நெடுங்காலஞ் சென்ற பின்னரும் ஒரு கட்டுச் சட்டைகள் கிடந்தமையை நம்மிற் பலர் அறிவர். கல்லூரிச் சின்னம் பொறித்த ரீசேட்டுகள் நூறு வேண்டுமென விழாக் குழுவினர் மதிப்பிட்டு அச்சிடுவித்தனர். விழாவன்று பெரிய அளவுகள் முற்பகலிலேயே முடிந்துவிட்டன. சிறிய அளவுகளோ மிஞ்சின. ஐம்பதைக் கடந்த பழைய மாணவரின் இடுப்பளவைக் குழுவினர் சற்றே தாராள மனத்துடன் குறைத்து மதிப்பிட்டுவிட்டனர் போலும்! மிஞ்சிய சட்டைகளிலே சங்கத்தின் பணம் முடங்கியது. இச்சிறு நிகழ்ச்சியினுள்ளே ஆடை வணிகத்தின் பெரும் இடர் முழுவதும் அடங்கியிருக்கின்றது. அவ்விடரை வென்ற வழியே இணையவழி அச்சுச் சட்டைத் தொழிலின் வளர்ச்சிக்கு வித்தாயிற்று. அதனை ஈண்டு ஒருவாறு விளக்க முயல்வோம்.

நூறு சட்டைகளை ஒருங்கே அச்சிடவேண்டிய தேவை ஏன் நேர்ந்தது? அதற்கு விடை திரை அச்சு முறையிலே உளது. மெல்லிய வலைத்துணியொன்றைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, ஒளிபட்டால் இறுகும் பசையொன்றை அதன்மீது பூசுவர். சித்திரம் வரைந்த தெளிந்த தாளை அதன்மேல் வைத்து ஒளி பாய்ச்சுவர். சித்திரம் மறைத்த இடத்துப் பசை இறுகாது நின்று, நீரிற் கழுவுங்கால் நீங்கிவிடும். அவ்வழியே மையைத் துணியின்மீது இழுத்துவிடச் சித்திரம் பதியும். ஒரு நிறத்துக்கு ஒரு திரை வேண்டும். நான்கு நிறமாயின் நான்கு திரைகள் வேண்டும். இத்திரைகளை ஆக்கும் செலவு ஒரு சட்டைக்கும் அதுவே, நூறு சட்டைக்கும் அதுவே. நூறு அச்சிடின் அச்செலவு நூறாகப் பங்கிடப்படும். ஒன்றே அச்சிடின் அவ்வொன்றே முழுச் சுமையையும் தாங்கவேண்டும். ஆகவேதான் அச்சகத்தார் குறைந்த அளவொன்றை விதிக்கின்றனர். வாங்குவோரும் எத்தனை விலைபோகும் என்று ஊகிக்க வேண்டியவராகின்றனர். ஊகம் பிழைத்தால் அலுமாரியே கதி.

இவ்வூகத்தை ஒழிப்பதற்கு 2000-ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் சிக்காக்கோ நகரில் இரு இளைஞர் ஒரு வழி கண்டனர். ஜேக் நிக்கல், ஜேக்கப் டிஹார்ட் என்பன அவர்தம் பெயர்கள். சித்திரக்காரரும் கணினி அறிந்தோரும் கூடி உரையாடும் இணையத்தளமொன்றிலே இருவரும் அறிமுகமாயினர். இலண்டனில் நிகழவிருந்த ஒரு விழாவுக்கெனச் சட்டைச் சித்திரப் போட்டியொன்று அங்கே நடந்தது. அதில் நிக்கல் வென்றார். வென்றமையினும், பலர் மகிழ்ந்து வரைந்ததும் மதிப்பிட்டதுமே அவர் மனத்தைக் கவர்ந்தன. இத்தகைய போட்டியை ஓயாது நடத்தினால் என்னவென்று இருவரும் எண்ணினர். ஆளுக்கு 500 டொலர் இட்டு, ஆக 1,000 டொலர் முதலுடன் ‘திரெட்லெஸ்’ என்னும் தொழிலைத் தொடங்கினர்.

அதன் நடைமுறை மிக எளிது. எவரும் தாம் வரைந்த சித்திரத்தை அனுப்பலாம். தளத்திற்கு வருவோர் ஏழு நாள்வரை அதற்குப் பூச்சியம் முதல் ஐந்து வரை புள்ளியிடுவர். அச்சிட்டால் தாம் வாங்குவரோ என்பதையும் குறிப்பர். மேம்பட்ட புள்ளி பெற்றவற்றுள் சிலவற்றைத் தெரிந்து அச்சிட்டு விற்பர். தெரிவான ஓவியருக்குத் தொடக்கத்திலே கிடைத்த பரிசு சில சட்டைகளே. தொழில் வளர, 2,000 டொலர் பணமும் 500 டொலருக்குப் பொருள் பெறும் உரிமையும் அளிக்கும் நிலை வந்தது.

இத்தொழில் விரைந்து வளர்ந்தமைக்கு மூன்று காரணங்களை நாம் காண்கின்றோம். முதலாவது, புள்ளியிட்டவரே வாங்குபவராயினர். ஒரு சித்திரத்தை எத்தனை பேர் விரும்புகின்றனர் என்பது, துணியில் ஒரு துளி மை படுமுன்னரே தெரிந்துவிட்டது. இரண்டாவது, விளம்பரச் செலவு சுருங்கிற்று. தம் படைப்பை அனுப்பிய ஒவ்வோர் ஓவியரும் தம் நண்பரையெல்லாம் புள்ளியிட அழைத்தனர். வந்த நண்பர் பிற சட்டைகளையுங் கண்டு வாங்கினர். மூன்றாவது, அச்சிட்டவை தீர்ந்துபோயின், மீண்டும் அச்சிடுமாறு விண்ணப்பிக்க இடமிருந்தது. அவ்விண்ணப்பங்களே அடுத்த அச்சுக்கு அளவுகோலாயின.

2006-இல் முதலீட்டு நிறுவனமொன்று இதில் முதலிட்டது. 2007-இல் சிக்காக்கோவிலே கடையொன்றும் திறக்கப்பட்டது. பொதுமக்கள் திரளிடமே வேலையை ஒப்படைக்கும் இம்முறையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை 2006-இல் வழங்கிய எழுத்தாளர் ஜெஃப் ஹௌ, 2008-இல் வெளியிட்ட தம் நூலில் திரெட்லெஸ்ஸை எடுத்துக்காட்டாக ஆண்டனர். ஹாவாட் வணிகக் கல்லூரி மாணவர் ஆராயும் பாடமாகவும் அது அமைந்தது.

எனினும், ஊகத்தை ஒழிக்க வேறொரு வழியும் அதே காலத்தில் முதிர்ந்து வந்தது. அது இயந்திரத்தின் வழி. கடதாசியில் மை தெளிக்கும் கணினி அச்சுப்பொறியைப் போலவே துணியில் மை தெளிக்கும் பொறிகள் இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலே சந்தைக்கு வந்து பரவின. பருத்திச் சட்டைமீது முதலில் ஒரு திரவத்தைத் தெளிப்பர். கறுப்பு முதலிய கடும் நிறத் துணியாயின் வெண்மையை அடித்தளமாக இடுவர். அதன்மேல் எல்லா நிறங்களும் ஒருங்கே பதியும். பின்னர் வெப்பத்தால் உலர்த்துவர். இம்முறையிலே திரை இல்லை. ஆகவே திரைச் செலவும் இல்லை. முதற் சட்டைக்கும் நூறாவது சட்டைக்கும் அடக்கவிலை ஏறக்குறைய ஒன்றே. நூறு சட்டைக்குத் திரை அச்சே இன்றும் மலிவெனினும், ஒரே ஒரு சட்டை வேண்டுவோர்க்கும் இப்பொழுது வழி பிறந்தது. வாங்குபவர் பணஞ் செலுத்திய பின்னரே சட்டை அச்சாகும். மிச்சம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இதன் விளைவு யாது? அச்சிடத் தக்கது எது என்று தேர்ந்தெடுக்க வேண்டிய தேவையே அற்றுப்போயிற்று. எவரும் எச்சித்திரத்தையும் ஏற்றி விற்பனைக்கு வைக்கலாம் என்னும் தளங்கள் பெருகின. 2006-இல் மெல்பேணிலே தோன்றிய ரெட்பபிள் அத்தகையது. 2015-இல் அமேசனும் இவ்வணிகத்திற் புகுந்தது. வாக்கெடுத்து அச்சிட்ட திரெட்லெஸ்ஸுக்கு நெருக்கடி நேர்ந்தது. 2014-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அது பணியாளரிற் பலரை விலக்கியது. 2015-இல் ஓவியர் ஒவ்வொருவரும் தத்தம் பெயரிலே கடை வைத்து நடத்தவும், அச்சிடுதலையும் அனுப்புதலையும் நிறுவனமே ஏற்கவும் வகைசெய்து, தானும் புதிய வழியில் நடக்கலாயிற்று.

இம்மாற்றத்தால் வந்த நன்மையை நாம் மறுக்கவில்லை. நூறு பேர் விரும்பாத சித்திரத்தையும் நால்வர் விரும்பலாம். அந்நால்வர்க்கும் அது கிடைக்கின்றது. ஆனால், வாயிற்காவல் நீங்கியபோது அதனுடன் வேறு சிலவும் நீங்கின. முன்னர்ப் புள்ளியிட்ட கூட்டத்தினர் பிறர் சித்திரத்தைத் திருடி அனுப்பியவரையும் இனங்கண்டு கூறினர். எவரும் எதனையும் ஏற்றும் தளத்திலே அக்காவலை யார் செய்வது? இவ்வினா நீதிமன்றம்வரை சென்றது. போக்கிமொன் உருவங்களைப் பயன்படுத்திய பொருள்கள் பற்றி ரெட்பபிள்மீது தொடுக்கப்பட்ட வழக்கிலே, 2017-இல் அவுஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றம் உரிமை மீறப்பட்டதெனத் தீர்த்தது. இழப்பீடாக விதித்ததோ 1 டொலர் மட்டுமே. பெரிய நிறுவனங்கள் வழக்காட வல்லன. தன் அறையிலிருந்து வரையும் ஓர் இளம் ஓவியன் எந்நீதிமன்றத்துக்குச் செல்வான்? அன்றியும், முன்னே பரிசும் கூட்டமும் அவனைத் தேடி வந்தன. இன்றோ கடை அவனுடையது, வாடிக்கையாளரைத் தேடுங் கடமையும் அவனுடையதே.

இவ்வரலாற்றிலிருந்து நாம் தெரிந்துகொள்வது ஒன்று உளது. இயந்திரம் மிச்சத்தை ஒழித்தது. ஆயின் திரெட்லெஸ்ஸைத் தொடக்கத்தில் வளர்த்தது இயந்திரமன்று. அது அச்சிட்டது பழைய திரைமுறையிலேயே. ஆக்குமுன் கேட்டமையும், கேட்கப்பட்டவர் அதைத் தம் தொழிலாகவே கருதியமையுமே அதனை உயர்த்தின. கேட்டல் என்னும் அவ்வழக்கத்துக்குப் பெரும் முதல் வேண்டியதில்லை. 1,000 டொலரும் வேண்டியதில்லை.

அலுமாரியிற் கிடந்த அச்சட்டைகளை மீண்டும் நினைவுகூர்வோம். அடுத்த விழாவுக்குச் சட்டை செய்விக்குங்கால், சித்திரத்தை நம் மாணவரிடையே போட்டியாக வைப்போமாக. வந்தவற்றை உள்ளூரிலும் கடல்கடந்தும் வாழும் பழைய மாணவர்க்கு அனுப்பி, விருப்பத்தையும் அளவையும் பணத்தையும் முன்னரே பெறுவோமாக. தெரிவான சித்திரத்தை வரைந்த மாணவனின் பெயரைச் சட்டையின் ஓரத்திலே பொறித்து, அவனுக்குரிய பரிசையும் தவறாது வழங்குவோமாக. அப்பொழுது அலுமாரி வெறுமையாகும். இடுப்பளவு பற்றிய உண்மையும் உரியவர் வாயிலாகவே வெளிப்படும்.