மூன்றாவது பெடலின் விலை

டிரைவிங் ஸ்கூல் வண்டியில் கிளட்சைச் சட்டென்று விட்டு, வண்டி குலுங்கி நின்று, பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனை அழுத்திப் பிடித்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. 2004இல் சுமார் 4,40,000 டாலர் கொடுத்து போர்ஷே கரெரா ஜிடி வாங்கிய அமெரிக்கப் பணக்காரர்களும் அதே அவமானத்தைப் பட்டார்கள். அந்தக் காரின் செராமிக் கிளட்சின் விட்டம் வெறும் 169 மில்லிமீட்டர். ஒரு டிஃபன் தட்டைவிடச் சிறியது. எல்லா வண்டியிலும் செய்வதுபோல ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டே கிளட்சை விட்டால் கார் துள்ளி நின்றுவிடும். ஆக்சிலரேட்டர் பக்கமே போகாமல் கிளட்சை மட்டும் மெல்ல விட வேண்டும். வண்டி தானாக நகரும். இது பிடிபடும்வரை சிக்னலுக்குச் சிக்னல் நிற்க வேண்டியதுதான்.

2022இல், நல்ல நிலையில் இருந்த சில கரெரா ஜிடிகள் ஏறத்தாழ 20 லட்சம் டாலருக்கு ஏலம் போயின. ஷோரூம் விலையைப் போல நாலு மடங்குக்கும் மேல். இத்தனைக்கும், 2008 பொருளாதார நெருக்கடியை ஒட்டிய ஆண்டுகளில் இதே கார் ஷோரூம் விலைக்கும் கீழே கிடைத்தது. அந்தச் சின்ன கிளட்ச் அன்று குறையாகச் சொல்லப்பட்டது. இன்று அதையும் சேர்த்துத்தான் விலை பேசுகிறார்கள்.

சேகரிப்பாளர்கள் இந்த வகைக்கு ‘அனலாக் சூப்பர்கார்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எழுதிவைத்த இலக்கணம் ஏதும் கிடையாது. கையால் போடும் கியர், டர்போ இல்லாத பெரிய எஞ்சின், சாலையின் மேடுபள்ளத்தை விரலுக்குச் சொல்லும் ஸ்டீயரிங், ஓட்டுபவரின் தவறைத் திருத்த அவசரப்படாத எலெக்ட்ரானிக்ஸ்: இவற்றில் பாதிக்கு மேல் இருந்தால் போதும், சேர்த்துக்கொள்வார்கள். 1987இல் வந்த ஃபெராரி எஃப்40க்கு இரண்டு டர்போ உண்டு. ஆனால் ஏபிஎஸ் இல்லை, பவர் ஸ்டீயரிங் இல்லை, உள்ளிருந்து கதவைத் திறக்க ஒரு கயிறுதான். அதை யார் வெளியே தள்ளுவார்கள்? லெக்ஸஸ் எல்எஃப்ஏ இன்னும் வேடிக்கை. மொத்தமே 500 கார்கள். யமஹாவின் துணையோடு உருவான அதன் வி10 எஞ்சின் சுழற்சி ஏறும் வேகத்துக்கு ஊசிமுள்ளால் ஈடுகொடுக்க முடியவில்லை என்று டிஜிட்டல் திரை வைத்தார்கள். கிளட்ச் பெடலும் கிடையாது. ஆனாலும் அனலாக் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறது. புதிதாக வந்தபோது விற்க ஆள் தேட வேண்டியிருந்த கார் அது. ஆக, இது பாகங்களின் பட்டியல் பார்த்துச் சொல்லும் பெயர் அல்ல. ஓட்டுபவரின் கைகாலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே எத்தனை இடைத்தரகர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற கணக்கு.

கரெரா ஜிடியின் பிறப்பே ஒரு விபத்து மாதிரிதான். அதன் வி10 எஞ்சின் சாலைக்காகச் செய்யப்பட்டதல்ல. 1990களில் பந்தயத்துக்கென்று போர்ஷே உருவாக்கியது. லெ மான் 24 மணி நேரப் பந்தயத்துக்கு அதை வைத்து ஒரு கார் கட்டும் திட்டம் பாதியில் கைவிடப்பட்டது. பணமும் பொறியாளர்களும் கயென் என்ற எஸ்யூவியின் பக்கம் போய்விட்டார்கள். அநாதையாக நின்ற எஞ்சினை ஒரு மாதிரிக் காரில் பொருத்தி 2000ஆம் ஆண்டு பாரிஸில் காட்டினார்கள். வரவேற்பு பெரிதாக இருந்தது. இறுதியில் 5.7 லிட்டர், 612 குதிரைத்திறன், கார்பன் ஃபைபர் உடல், 1,380 கிலோ எடை. டிராக்ஷன் கண்ட்ரோல் உண்டு. வழுக்கும் காரை இழுத்துப் பிடிக்கும் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் இல்லை. கியர் குமிழ் மரத்தால் ஆனது, பழைய 917 பந்தயக் காரின் பால்சா மரக் குமிழை நினைத்து வைத்தது. லைப்சிக் ஆலையில் கயெனும் கரெரா ஜிடியும் அடுத்தடுத்து உருவாயின: ஒன்று பந்தயக் காரின் எதிர்காலத்தைப் பறித்த வண்டி, மற்றது பிழைத்து வந்த மிச்சம். 1,500 செய்வதாகத் திட்டம். 2006இல் 1,270உடன் நிறுத்திக்கொண்டார்கள்.

அதன் சமகாலக் கார்களைப் பாருங்கள். ஃபெராரி என்ஸோவில் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் விரலால் தட்டிக் கியர் மாற்றும் துடுப்புகள். மெர்சிடீஸ் எஸ்எல்ஆர் மெக்லாரன் ஆட்டோமேட்டிக். 2005இல் வந்த புகாட்டி வெய்ரான், 1,001 குதிரைத்திறனையும் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் ஒன்றிடம் ஒப்படைத்துவிட்டு ஓட்டுபவரைச் சும்மா உட்காரச் சொன்னது. அந்த ஆண்டுகளின் தர்க்கம் நேரானது. இரட்டைக் கிளட்ச் மனிதக் கையைவிட வேகமாகக் கியர் மாற்றும், தப்பான கியரில் விழுந்து எஞ்சினை உடைக்காது, புகைச் சோதனையிலும் கணக்கைச் சரியாக வைத்திருக்கும். வாங்குகிறவர்களும் அதைத்தான் கேட்டார்கள்.

கேட்டதற்குக் கூடுதல் பணமும் கொடுத்தார்கள் என்பதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம். 1997இல் ஃபெராரி 355இல் துடுப்பு வைத்த ‘எஃப்1’ கியர்பாக்ஸ் வந்தபோது அது அதிக விலை கொடுத்து வாங்கும் வசதி. சாதாரண மேனுவல் என்பது காசு மிச்சம் பிடிப்பவர்களுடையது. 2006இல் வந்த 599 ஜிடிபியில் மேனுவல் கேட்டவர்கள் உலகம் முழுக்க ஏறத்தாழ முப்பது பேர். 2009இல் 458 வந்தபோது மூன்றாவது பெடலே இல்லை. இன்று அதே 599, மேனுவலாக இருந்தால் துடுப்பு வைத்ததைப் போலப் பல மடங்கு விலை போகிறது. அதே எஞ்சின், அதே உடல், அதே தோல் இருக்கை. நடுவில் ஒரு உலோகச் சட்டமும் அதில் ‘கிளிக்’ என்று விழும் ஒரு கம்பியும்தான் வித்தியாசம். துடுப்பு வைத்த ஃபெராரிகளை மேனுவலாக மாற்றித் தரும் பட்டறைகள்கூட முளைத்துவிட்டன. ஆனால் ஆலையிலிருந்தே மேனுவலாக வந்ததற்கான காகிதம் இல்லையென்றால் சந்தை அந்த விலையைத் தராது.

இனி செய்யவே மாட்டார்கள் என்ற நம்பிக்கைக்குத்தான் இந்த விலை. அந்த நம்பிக்கை பொய்த்தால் என்ன ஆகும் என்பதற்கும் போர்ஷேயிடமே உதாரணம் உண்டு. 2013இல் வந்த 911 ஜிடி3 காரில் இரட்டைக் கிளட்ச் மட்டுமே. ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். 2016இல் 911 ஆர் என்று 991 கார்கள் மட்டும் செய்தது போர்ஷே: 500 குதிரைத்திறன், மேனுவல் மட்டுமே. சுமார் 1,85,000 டாலர் காருக்கு, கைக்கு வந்த வேகத்திலேயே பல மடங்கு கேட்டார்கள் மறுவிற்பனைக்காரர்கள். மறு ஆண்டே புதிய ஜிடி3இல் மேனுவல் திரும்பி வந்தது. பின்னிறக்கை இல்லாத டூரிங் வடிவமும் வந்தது. ஏறத்தாழ அதே இன்பம், வரிசையில் நின்றால் கிடைக்கும் விலையில். 911 ஆரின் விலை இறங்கியது. கரெரா ஜிடிக்கு அந்தப் பயம் இல்லை. பந்தய மிச்சமான ஒரு வி10ஐ இனி எந்த ஆலை சாலைக் காருக்கென்று வார்க்கப் போகிறது?

விலை ஏறிக்கொண்டே போகும் என்று நம்பியவர்கள் முன்பும் இருந்தார்கள். 1988இல் என்ஸோ ஃபெராரி இறந்ததும், அவர் ஒப்புதல் தந்த கடைசி காரான எஃப்40ஐ வாங்கிவைக்கப் போட்டி. ஜப்பானியப் பணம் பெருகி ஓடிய காலம். 400 கார்கள் என்ற பேச்சு 1,300ஐத் தாண்டியது. 1990களின் தொடக்கத்தில் பணம் வற்றியதும் விலை விழுந்தது. மீண்டு வரப் பல வருடங்கள் ஆயின. இப்போது வாங்குகிறவர்கள் வேறு தலைமுறை. எஃப்40ஐச் சுவரில் போஸ்டராக ஒட்டியவர்களும், 2005இல் ‘நீட் ஃபார் ஸ்பீட்: மோஸ்ட் வான்டட்’ விளையாட்டில் கரெரா ஜிடியைத் திரையில் ஓட்டியவர்களும் இன்று காசோலை எழுதும் வயதுக்கு வந்துவிட்டார்கள். லாபக் கணக்கு அவர்களிடமும் உண்டு. ஆனால் ஆசை அதற்கு முன்பே வந்துவிட்டது.

இந்தச் சந்தையின் உச்சியில் இருப்பது மெக்லாரன் எஃப்1. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிறந்த கார்டன் மரே வடிவமைத்தது; ஓட்டுநர் நடுவில், இரு பயணிகள் பக்கவாட்டில்; பிஎம்டபிள்யூவின் 6.1 லிட்டர் வி12. எஞ்சின் அறையின் வெப்பம் தடுக்கத் தங்கத் தகடு. பந்தயக் கார்களையும் சேர்த்து மொத்தம் 106. 2021 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் பெப்பிள் பீச் ஏலத்தில் ஒன்று 2 கோடியே 4 லட்சம் டாலருக்கும் மேல் போனது. 1995இல் செய்த கார். 26 ஆண்டுகளில் ஓடியது 242 மைல். சென்னையிலிருந்து திருச்சி போய்ச் சேர்ந்து, ஊருக்குள் கொஞ்சம் சுற்றினால் தீர்ந்துபோகும் தூரம். ஓட்டும் சுகத்துக்காகவே புகழப்படும் காரில், யாரும் அனுபவிக்காத சுகத்துக்குத்தான் அதிக விலை.

இதற்கு நேர் எதிராக நடந்துகொண்டவர் ‘மிஸ்டர் பீன்’ ரோவன் அட்கின்சன். 1990களில் வாங்கிய எஃப்1ஐக் கடைக்குப் போகவும் எடுத்தார், இருமுறை இடித்தும் விட்டார். 2011 விபத்துக்குப் பிறகு காப்பீட்டு நிறுவனம் பழுது பார்க்கக் கொடுத்தது சுமார் 9 லட்சம் பவுண்ட். 41,000 மைல் ஓடிய அதே காரை 2015இல் சுமார் 80 லட்சம் பவுண்டுக்கு விற்றார். வாங்கியது ஐந்தரை லட்சம் பவுண்ட் அளவில். ஓட்டியும் லாபம் பார்த்த அந்த மனிதர் மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு.

அனலாக் என்ற சொல்லுக்குள் இன்னொரு குறும்பும் ஒளிந்திருக்கிறது. எஃப்1இன் கோளாறைப் படிக்க 1990களின் காம்பேக் மடிக்கணினி ஒன்று தேவைப்பட்டது. இரண்டு கோடி டாலர் காருக்காக மெக்லாரன் பொறியாளர்கள் அந்தப் பழைய கணினிகளைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். டயர் அதைவிடக் கவலைக்குரியது. 2013 நவம்பரில் கலிஃபோர்னியாவில் நடிகர் பால் வாக்கர் பயணியாகச் சென்ற கரெரா ஜிடி மரத்தில் மோதி எரிந்தது, இருவர் இறந்தார்கள். அதிவேகமே காரணம் என்ற விசாரணை, டயர்கள் ஒன்பது வருடப் பழையவை என்பதையும் குறிப்பிட்டது. கொட்டகையில் நிற்கும் கார் தேயாது. ஆனால் ரப்பர் இறுகிக்கொண்டே இருக்கும்.

2023இல் அமெரிக்காவில் உள்ள கரெரா ஜிடிக்காரர்களுக்கு போர்ஷே ஒரு அறிவிப்பு அனுப்பியது. சஸ்பென்ஷன் இணைப்புகளில் குறை இருக்கிறது, மாற்றுப் பாகம் வரும்வரை காரை ஓட்ட வேண்டாம். வேறு எந்தக் காராக இருந்தாலும் இந்தச் செய்திக்கு விலை பாதியாகியிருக்கும். இது அதன் பிறகும் பத்து லட்சம் டாலருக்கு மேல்தான் கைமாறியது. வாங்கியவர்களில் பலர் எப்படியும் அதை மூடிய லாரியில் ஏற்றித்தான் வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பார்கள்.