போலி மைக்கும் ஒரிஜினல் பில்லும்

வீட்டிலேயே பாடிப் பதிவுசெய்ய நினைப்பவர்கள் மலிவான மைக்கா, விலை கூடியதா என்றுதான் முதலில் குழம்புகிறார்கள். மலிவு மைக் வாங்கியதால் யாரும் மோசம் போவதில்லை. மலிவுச் சரக்கு பெரிய பிராண்டின் பெயரில் வரும்போதுதான் பணம் போகிறது.

ஷூர் எஸ்எம்58 மேடைக் கச்சேரிகளில் சகஜமாகப் பார்க்கும் மைக். போலிகளும் அதற்கேற்ற அளவில் உண்டு. அசலின் எடை 298 கிராம். சமையலறைத் தராசில் வையுங்கள். எடை சரியாக இருப்பதாலேயே அசல் என்று நம்பிவிட முடியாது, ஆனால் கணிசமாகக் குறைந்தால் சந்தேகப்படலாம். பெட்டியில் அச்சடித்த எண்களில் மயங்க வேண்டாம். மலிவு மைக்கின் பெட்டியில் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை என்று இருக்கும். எஸ்எம்58 சொல்லிக்கொள்வதோ 50 முதல் 15,000 வரைதான்!

பிஎம்-800 என்ற பெயரில் விற்கும் கண்டென்சர் மைக்குகள் சிலவற்றில் ‘48 வோல்ட்’ என்று போட்டிருக்கும். கூட வரும் யுஎஸ்பி வயர் தருவது 5 வோல்ட். அதிலேயே மைக் வேலை செய்தால், உள்ளே இருப்பது பெரும்பாலும் சின்ன எலக்ட்ரெட் கேப்சூல். பாடிப் பழக அது தாராளமாகப் போதும். ‘ஸ்டுடியோ தரம்’ என்று சொல்லி விற்பதில்தான் வில்லங்கம்.

விலை கூடிய கண்டென்சர் வாங்கினாலும் ஃபேன் சத்தமும் பக்கத்து வீட்டு மிக்ஸியும் குரலோடு சேர்ந்தே பதிவாகும். டைல்ஸ் போட்ட வெறும் கூடத்தில் பாடுவதைவிட, துணி நிறைந்த பீரோவைத் திறந்துவைத்து அதன் முன்னால் பாடிப் பாருங்கள். செலவே இல்லை.

வாங்கும்போது பில் கேளுங்கள். பில் தர மறுப்பதே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. வெளிநாட்டுப் பொருளென்றால் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எம்ஆர்பி மூன்றும் பெட்டியில் இருக்க வேண்டும். இல்லையென்றால் இந்திய வாரண்டி கிடைப்பது சந்தேகம். ஆன்லைனில் வாங்கியதைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்துவைப்பது நல்லது. போலியாகவோ, விளம்பரத்தில் சொன்ன அம்சங்கள் இல்லாமலோ இருந்தால் விற்பவர் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்கின்றன 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்தில் அந்தத் தளம் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்தில் தீர்வு சொல்ல வேண்டும்.

அசைந்து கொடுக்கவில்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

ஒரு சிக்கல் உண்டு. ‘வணிகத்துக்காக வாங்கியவர் நுகர்வோரே அல்ல’ என்று எதிர்த்தரப்பு வாதாடும். சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டுமே வாங்கியவருக்கு அந்த வாதம் பொருந்தாது. டப்பிங் பேசியோ, விளம்பரப் பாட்டுப் பதிவுசெய்தோ சம்பாதிப்பவர்கள் பிழைப்புக்காகவே வாங்கியதைப் புகாரின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுவது நல்லது.