கைப்பேசியும் உயிர்மெய்யும்

கருவிக்கு உடலும் உண்டு. உடலை இயக்கும் உயிரும் உண்டு. கைப்பேசியின் கண்ணாடியும் மின்கலமும் உடல் எனின், அவற்றை ஆளும் இயங்குதளமே உயிர். உடல் உறுதியாக இருக்கும்போதே உயிர் தளர்ந்துவிடுதல் இக்காலக் கைப்பேசிகளின் குறை. செய்த நிறுவனம் சில ஆண்டுகளில் திருத்தங்கள் அனுப்புவதை நிறுத்திவிடும். அதன்பின் கருவியின் காவல் குன்றும். புதிய செயலிகள் பலவற்றை அது ஏற்காது.

வசதி உடையார்க்கு இஃது இடர் அன்று; வேறொன்று வாங்கிக்கொள்வர். தோட்டப்புறக் குடும்பங்களுக்கோ அஃது எளிதன்று. 2020 ஆம் ஆண்டு மார்ச்சு 18 இல் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிகள் மூடப்பட்டன. அப்பொழுது சுங்கை செம்பிலாங், ஜெராம், புக்கிட் ரோத்தான் போன்ற ஊர்ப்பிள்ளைகளுக்கும் கைப்பேசியே வகுப்பறை ஆயிற்று. பழைய கருவி ஒன்று பயன்படுமா படாதா என்பது, பிள்ளை படிப்பானா மாட்டானா என்னும் வினாவாக மாறியது.

தமிழுக்கு இதில் தனியொரு தொடர்பு உண்டு. உயிர்மெய்யில் மெய்யொலி முன்னும் உயிரொலி பின்னும் நிற்கும் என்பது தொல்காப்பியர் கண்ட முறை. கணினிக்குரிய யுனிகோடு முறையும் அவ்வாறே, முதலில் ககரத்தையும் அடுத்து எகரக் குறியையும் வைத்துக் 'கெ' என்பதைச் சேமிக்கிறது. ஆனால் எழுதும்போது கொம்பு இடப்புறம் நிற்கிறது. 'கொ' என்பதிலோ குறி இரண்டாகப் பிரிந்து இருபுறமும் நிற்கிறது. ஒலிமுறையை வரிமுறையாக மாற்றும் இப்பணி எழுத்துருவால் மட்டும் முடிவதன்று. இயங்குதளமும் துணைசெய்ய வேண்டும்.

ஆண்ட்ராய்டின் தொடக்கப் பதிப்புகளில் அத்துணை இல்லை. தமிழ் வெறுங் கட்டங்களாகத் தோன்றும். எழுத்துருவைச் சேர்த்தாலும் கொம்பு இடம் மாறி நிற்கும். மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் 2005 ஆம் ஆண்டிலேயே கைப்பேசியில் தமிழ்க் குறுஞ்செய்திக்கு வழி திறந்தது. எனினும் ஒரு செயலி தன் எல்லைக்குள் செய்வதை, கருவி முழுவதும் செய்ய இயங்குதளத்தாலேயே இயலும்.

நிறுவனம் கைவிட்ட கருவிக்கு வேறு வழி யாது? ஆண்ட்ராய்டின் மூலநிரல் யாவர்க்கும் திறந்தது. அதனைக் கொண்டு தன்னார்வலர்கள் 2009 இல் சயனோஜென்மாடு என்னும் தளத்தை அமைத்தனர். 2016 இறுதியில் அது நின்றது. அதன் வழித்தோன்றலாக லீனியேஜ் ஓ.எஸ். வளர்ந்தது. நிறுவனம் தராத புதிய பதிப்பை இத்தகைய தளங்கள் பழைய கருவிகள் பலவற்றிற்குத் தந்தன.

நிறுவும் முறை நான்கு படிகளை உடையது. முதலில் படங்களையும் எண்களையும் வேறிடத்தில் படியெடுத்தல் வேண்டும். அடுத்து, கருவியின் தொடக்கப் பூட்டைத் திறத்தல். அப்போது உள்ளிருப்பவை அனைத்தும் அழியும். மூன்றாவது, மீட்புத் தளத்தை ஏற்றுதல். நான்காவது, அதன் வழியே புதிய இயங்குதளத்தைப் பதித்தல். கருவியின் மாதிரிக்கென்றே அமைந்த கோப்பையே எடுத்தல் வேண்டும். பிற மாதிரிக்குரியதைப் பதித்தால் கைப்பேசி செங்கல்லாய்ப் போகும் என்பர்.

இழப்புகளும் உள. சில நிறுவனங்கள் பூட்டைத் திறக்கவே விடுவதில்லை. திறந்தால் உத்தரவாதம் நீங்குவதும் உண்டு. வங்கிச் செயலிகள் சில, மாற்றப்பட்ட தளத்தில் இயங்க மறுக்கின்றன. ஆதலால் பணம் செலுத்தும் கைப்பேசியில் இதனைச் செய்து பார்த்தல் அறிவுடைமை ஆகாது. பயன்படாது பெட்டியில் கிடக்கும் பழைய கருவியே இதற்கு ஏற்றது.

ஓலை நைந்தபோது முன்னோர் நூலைப் புத்தோலையில் படியெடுத்துக் காத்தனர். இங்கே ஓலை நன்றாக இருக்கிறது. எழுத்தையே புதிதாக்க வேண்டியிருக்கிறது. இதனைக் கற்ற ஆசிரியர் ஒருவர் பள்ளியில் இருப்பின், குப்பைக்குச் செல்லும் கைப்பேசி ஒரு பிள்ளையின் கையில் தமிழ் நூலாகும்.