சூரியனுக்குப் பிந்தி வரும் கோடை

தென் அமெரிக்காவின் கடைக்கோடியில், அர்ஜென்டினா தேசத்துக்கு உரிய உஷுவாயா என்னும் சிறு துறைமுக நகரத்திலிருந்து அண்டார்டிகத் தீபகற்பத்தை நோக்கிப் பிரயாணக் கப்பல்கள் புறப்படுவது பெரும்பாலும் நவம்பர் முதல் மார்ச் வரையில்தான். அந்த ஐந்து மாதங்களுக்குள் எதைத் தேர்ந்துகொள்வது உசிதம் என்று ஒருவர் கேட்டால், டிசம்பர் என்று சொல்லிவிடவே யாருக்கும் தோன்றும். ஏனெனில், சூரியன் மகர ரேகைக்கு நேர் மேலே வந்து நிற்பதும், தென் கோளத்தில் பகல் மிக நீண்டு, அந்தத் தீபகற்பத்தின் இரவு ஒரு மெல்லிய அந்திப் பொழுதாகவே கழிந்துவிடுவதும் அம்மாதத்தில்தானே! ஆனால் சமுத்திரம் வைத்திருக்கும் பஞ்சாங்கம் வேறு.

தென் துருவக் கண்டத்தைச் சுற்றிலும் கடல் மிக அதிகமாக உறைந்து கிடப்பது செப்டம்பரில். அப்போது கடற்பனியின் பரப்பு ஏறக்குறைய 1 கோடியே 80 லட்சம் சதுர கிலோமீட்டர், அதாவது இந்தியாவைப் போல் ஐந்து மடங்குக்கும் மேல். அது நாளுக்கு நாள் சுருங்கி, வழக்கமாகச் சுமார் 30 லட்சம் சதுர கிலோமீட்டர் என்ற அளவில் வந்து நிற்பது பிப்ரவரியின் பிற்பகுதியில். (2023ஆம் ஆண்டு பிப்ரவரியில் அது 18 லட்சத்துக்கும் கீழே இறங்கியது, செயற்கைக்கோள்கள் அளக்கத் தொடங்கிய நாளிலிருந்து அதுவரை அவ்வளவு குறைந்ததில்லை என்பதைக் கவலையுடன்தான் எழுத வேண்டியிருக்கிறது.) ஆக, சூரியன் தன் உச்சத்தை எட்டிய பிறகும் இரண்டு மாத காலம் பனி கரைந்துகொண்டே இருக்கிறது.

இந்தத் தாமதத்தின் காரணம் விளங்குவது கடினமன்று. உச்சி வேளையைவிட இரண்டு மணிக்கு மேல்தான் வெயில் அதிகமாக உறைக்கிறது என்பது எல்லோரும் அறிந்த அனுபவம். வாங்குகிற உஷ்ணம் இழக்கிற உஷ்ணத்தைவிட மிகுந்திருக்கும் வரையில் சூடு ஏறிக்கொண்டுதான் போகும். தரையில் சில மணி நேரமாகத் தெரிகிற இந்தப் பிந்துதல் கடலில் வாரங்களாக நீள்கிறது. உறைந்த கடலிலோ இன்னும் அதிகம். 0 பாகையில் உள்ள ஒரு கிலோ பனிக்கட்டியை அதே 0 பாகை நீராக மாற்றுவதற்கு மட்டும் செலவாகும் வெப்பத்தைக் கொண்டு, அந்த ஒரு கிலோ நீரை 80 பாகை வரையில் காய்ச்சிவிடலாம். போதாக்குறைக்கு, வெண்பனி போர்த்த கடல் தன்மேல் விழும் ஒளியில் 80 சதவீதத்துக்கும் மேலாகத் திருப்பி அனுப்பிவிடுகிறது. எங்கேனும் ஒரு பிளவு கண்டு கருநீர் வெளிப்பட்ட பின்னரே, அந்நீர் ஒளியை விழுங்கி, பக்கத்துப் பனியையும் கரைக்கத் தொடங்குகிறது.

பருவத்தின் இரு முனைகளிலும் எச்சரிக்கை தேவை என்பதற்குச் சரித்திரமே சாட்சி. பெல்ஜியம் நாட்டின் ‘பெல்ஜிகா’ என்ற கப்பல் 1898 மார்ச் மாதத்தில், கோடை கழிந்து கடல் மறுபடி உறையும் நேரத்தில், பனியில் சிக்கி ஓராண்டுக்கு மேல் அசையமுடியாமல் கிடந்தது. பின்னாளில் தென் துருவத்தை முதன்முதலில் அடைந்த அமுன்ட்சென் அதில் ஓர் அதிகாரியாக இருந்து, ஏறக்குறைய இரு மாதங்கள் சூரியனே உதிக்காத அந்தக் குளிர்காலத்தைக் கடந்தார். நம் காலத்தில், 2007 நவம்பரில், ‘எக்ஸ்ப்ளோரர்’ என்ற பிரயாணக் கப்பல் தெற்கு ஷெட்லாந்துத் தீவுகளின் அருகே பனியில் மோதி மூழ்கிற்று. உயிர்காப்புப் படகுகளில் மணிக்கணக்காகக் காத்திருந்த 154 பேரையும் நார்வே நாட்டுக் கப்பல் ஒன்று வந்து மீட்டது.

பனியின் கணக்கை ஒட்டியே உயிர்களின் கணக்கும் நடக்கிறது. ஜென்டூ பென்குவின் கூழாங்கற்களைக் குவித்துத்தான் கூடு கட்டுகிறது. ஆகவே, பாறையின்மேல் படிந்த பனி விலகும் வரையில் அதற்கு இல்லறம் இல்லை. பெரும்பாலும் நவம்பரில் இரண்டு முட்டைகள் இட்டு, ஆணும் பெண்ணும் மாறி மாறிச் சுமார் 35 நாள் அடைகாக்க, டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் குஞ்சுகள் வெளிவருகின்றன. நவம்பரில் செல்பவர், காலடி படாத வெண்பனியையும் கல்லை அலகில் தூக்கிக்கொண்டு நடக்கும் பறவைகளையும் காண்பாரேயன்றிக் குஞ்சுகளைக் காணமாட்டார். தெற்கே உள்ள குறுகிய கால்வாய்கள் அப்போது அடைபட்டிருக்கவும் கூடும். வெப்பமண்டலக் கடல்களில் ஈன்று திரும்பும் கூனல் திமிங்கிலங்கள், கிரில் என்னும் சிறு இறால் போன்ற உயிரை வயிறு நிறைய உண்பதற்காகத் தீபகற்பத்தின் விரிகுடாக்களில் பெருந்திரளாகக் கூடுவதோ பிப்ரவரியிலும் மார்ச்சிலும். அந்தக் கிரிலின் குஞ்சுகள் குளிர்காலத்தில் கடற்பனியின் அடிப்புறத்தில் வளரும் பாசியைத் தின்று பிழைப்பவை. எனவே கோடையின் இந்த விருந்துக்குச் சமையலறை குளிர்காலத்துப் பனியே.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்து என் அபிப்பிராயத்தைக் கேட்டால், ஜனவரி கடைசி வாரத்திலிருந்து பிப்ரவரி நடுப்பகுதிக்குள் போவதே சிறந்தது என்பேன். குஞ்சுகள் கூட்டங்கூட்டமாக நின்று உணவுக்குக் கத்தும். கால்வாய்கள் பெரும்பாலும் திறந்திருக்கும். திமிங்கிலங்களும் வரத் தொடங்கியிருக்கும். இரவு சிறிது நேரமாவது இருட்டும். மாதத்தைப் பார்ப்பதோடு கப்பலின் அளவையும் பார்க்க வேண்டும்: 500 பேருக்கு மேல் ஏற்றிவரும் கப்பலிலிருந்து யாரும் அங்கே கரையிறங்க முடியாது, சிறு கப்பலானாலும், ஓரிடத்தில் ஒரே நேரத்தில் நூறு பேருக்குமேல் இறங்குவதற்கு அனுமதியில்லை.

கோடையின் பிற்பகுதியில் செல்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பென்குவின்களுக்கு ஐந்து மீட்டர் தூரம் விட்டு நிற்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. ஆனால் குஞ்சு வளர்த்து முடித்த பெற்றோர்ப் பறவைகள் அந்நாட்களில் பழைய இறகை உதிர்த்துப் புதிது முளைக்கும் வரை, நீரில் இறங்க இயலாமல், இரண்டு மூன்று வாரங்கள் பட்டினியாகக் கரையில் நிற்கின்றன. அவை அஞ்சி ஓடும் ஒவ்வோர் அடியும் உடலில் சேர்த்துவைத்த கொழுப்பைத்தான் கரைக்கும். அப்படி நிற்கும் பறவையைக் கண்டால், ஐந்து மீட்டரோடு நில்லாமல் இன்னும் பத்து அடி பின்னுக்கு நகர்ந்து நில்லுங்கள்.