அரைப்புள்ளியும் மெய்ப்புள்ளியும்

பழைய மாணவர் கட்டுரைகளை மலராகத் தொகுக்குங்கால், நிறுத்தக்குறிகளை ஒருசீராக்கக் கணினியின் ‘தேடி மாற்று’ வசதியை நாடுகின்றோம். கண்ட்ரோல், எச் விசைகளை ஒருங்கே அழுத்தி, அரைப்புள்ளி உள்ள இடமெல்லாம் காற்புள்ளி இடுமாறு பணித்தால் நொடியில் வேலை முடியும். ஆயினும் இங்கே ஓர் இடர் உளது.

இலங்கையில் நெடுங்காலமாக வழங்கும் பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துக்களுக்கும் குறிகளுக்கும் உரிய எண்களிலேயே தமிழெழுத்துக்களைப் பெரும்பாலும் அமைத்துள்ளது. அரைப்புள்ளியின் இடத்தில் மெய்ப்புள்ளியும், காற்புள்ளியின் இடத்தில் ‘இ’யும் உள்ளன. ஆதலின், மேற்கூறிய கட்டளையால் கேகாலை மாவட்டத்து எட்டியாந்தோட்டை ‘எடஇடியாநஇதோடஇடை’ ஆகிவிடும்! மீட்கக் கருதி எதிர்மாறாக மாற்றின், ‘இலங்கை’யின் முதலெழுத்தும் புள்ளியாகிவிடும்.

ஆகவே, மூலப்படியொன்றை வேறாகச் சேமித்து, எழுத்துரு யாதென நோக்கி, பாமினியாயின் முதற்கண் ஒருங்குறிக்கு மாற்றுதல் வேண்டும். ஒருங்குறியில் மெய்ப்புள்ளிக்கும் அரைப்புள்ளிக்கும் தனித்தனி எண்கள் உள. அதன் பின்னரே ‘அனைத்தையும் மாற்று’ என்னுங் கட்டளையை இடுக.

மெய்க்குப் புள்ளி உண்டெனத் தொல்காப்பியம் விதித்திருந்தும், ஏடெழுதியோர் பலர் அதனை இடாது விட்டனர். பதிப்பாசிரியர்கள் ஒவ்வொன்றாய் ஆராய்ந்து இட்டனர். அங்ஙனம் வந்த புள்ளியை ஒரு விசையால் நாம் இழத்தல் தகுமோ?