கோப்ரா-சிஎல்ஐ: எலும்புக்கூடு ரெடி, ஒரு எழுத்து மட்டும் பாக்கி

இன்னைக்கு நாம பேசப்போறது, கமாண்ட் லைன் டூல் எழுதுறதுக்கே உதவுற ஒரு கமாண்ட் லைன் டூல் பத்தி. பேரு கோப்ரா-சிஎல்ஐ.

கோ மொழியில கோப்ரான்னு ஒரு லைப்ரரி இருக்கு. கியூப்-சிடிஎல், ஹியூகோ, கிட்ஹப் சிஎல்ஐ எல்லாம் அது மேல கட்டினதுதான். அதுக்கு அஸ்திவாரம் போட்டுக் கொடுக்குறதுதான் கோப்ரா-சிஎல்ஐ.

வேலை ரொம்ப சிம்பிள். காலி ஃபோல்டர்ல முதல்ல 'கோ மாட் இனிட்' போட்டு மாட்யூலுக்குப் பேர் வைங்க. அடுத்து 'கோப்ரா-சிஎல்ஐ இனிட்'. மெயின் ஃபைல், 'சிஎம்டி' ஃபோல்டருக்குள்ள ரூட் ஃபைல், ஒரு லைசென்ஸ் ஃபைல், மூணும் வந்துடும். 'பேக்கப்'னு ஒரு சப்-கமாண்ட் வேணுமா? 'கோப்ரா-சிஎல்ஐ ஆட் பேக்கப்'. அதுக்குத் தனி ஃபைல் உருவாகி, ரூட் கமாண்டோட தானா இணைஞ்சுக்கும். ஹெல்ப் பக்கமும் ஷெல் கம்ப்ளீஷனும் ஃப்ரீ. ஸ்பெல்லிங் தப்பா அடிச்சா 'இதைத்தான் சொல்ல வந்தீங்களா'ன்னு கேட்கும்.

இவ்வளவு ஈஸியா இருக்கிறதாலதான் நான் மாட்டினேன்.

டேட்டாபேஸ் பேக்கப் எடுக்க இப்படி ஒரு டூல் எழுதி, தினமும் ராத்திரி கிரான்ல ஓடவிட்டேன். ஸ்கிரிப்ட்ல இருந்தது இதுதான்: பேக்கப் சக்சஸ் ஆனா, ஏழு நாளுக்கு மேல பழசானதை அழி. நடுவுல யாரோ டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாத்திட்டாங்க. பேக்கப் தினமும் ஃபெயில். பழசு மட்டும் ஒழுங்கா அழிஞ்சுக்கிட்டே வந்துச்சு. நான் எட்டிப் பார்த்தப்போ ஃபோல்டர் காலி. நல்லவேளை, டேட்டாபேஸுக்கு ஒண்ணும் ஆகல.

ஏன் இப்படி? ஜெனரேட் ஆன சப்-கமாண்ட்ல இருக்குறது 'ரன்' ஃபங்ஷன். அது எரரைத் திருப்பித் தராது. நான் எரரை பிரிண்ட் பண்ணிட்டு 'ரிட்டர்ன்' போட்டிருந்தேன். புரோகிராம் எக்ஸிட் கோட் 0-வோட முடியும். ஷெல்லுக்கு 0-ன்னா சக்சஸ். நாம பிரிண்ட் பண்ற மெசேஜை அது படிக்காது.

தீர்வு ஒரே எழுத்து. 'ரன்'-ஐ 'ரன்-ஈ'ன்னு மாத்துங்க, ஃபங்ஷன்ல இருந்து எரரை ரிட்டர்ன் பண்ணுங்க. ஜெனரேட் ஆன ரூட் ஃபைலே அதைப் பிடிச்சு எக்ஸிட் கோட் 1 கொடுத்துடும். எரர் வரும்போதெல்லாம் ஹெல்ப் டெக்ஸ்டும் சேர்ந்து கொட்டும். அது வேணாம்னா 'சைலன்ஸ்-யூசேஜ்'-ஐ ட்ரூ ஆக்கிடுங்க.

அப்புறம் ஒரு டெஸ்ட். பாஸ்வேர்டை வேணும்னே தப்பாக் கொடுத்து டூலை ஓட்டுங்க. உடனே 'எக்கோ' போட்டு, டாலர் குறி, கேள்விக்குறி அடிங்க. 0 வந்தா டூல் இன்னும் பொய் சொல்லுதுன்னு அர்த்தம்.

ஜெனரேட் பண்ண பத்து செகண்ட் ஆகும். வந்த ஃபைலைப் படிக்கப் பத்து நிமிஷம் ஆகும். அந்தப் பத்து நிமிஷத்தை மிச்சம் பிடிக்காதீங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!