தைப்பொங்கலும் புதிரும்

சைவ மக்கள் குருக்களை அழையாது, குடும்பத் தலைவனும் தலைவியுமே முன்னின்று இல்லத்தில் நிறைவேற்றும் வழிபாடுகளுள் தைப்பொங்கல் தலையாயது. ஞாயிறு மகர இராசியிற் புகும் நாளில் இது நிகழ்கின்றது. சிவபிரானின் அட்டமூர்த்தங்களுள் ஒன்றாகிய ஞாயிற்றை முன்னிறுத்திச் செய்யப்படுதலால், உழவர் விழாவாகிய இது சிவவழிபாடும் ஆகின்றது. இவ்வழிபாட்டின் முறையினையும், கிழக்கிலங்கை வயலூர்களில் அதனையொட்டி எழும் வினா ஒன்றினையும் ஈண்டு நோக்குவாம்.

புதுநெல் குற்றிப் பொங்குவதே பொங்கல் என்று நாம் இளமையிற் பள்ளியிலே படித்திருக்கின்றோம். கல்முனையிலிருந்து மேற்கே கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து நாவிதன்வெளிக்குச் செல்பவர், தை முதல்நாளில் அங்கே காண்பது பெரும்பாலும் முற்றாத பயிரையே. ஐப்பசி, கார்த்திகையில் விதைத்த பெரும்போக நெல், தைக் கடைசி தொட்டுப் பங்குனி வரை அறுவடையாகும். 1949ஆம் ஆண்டில் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின்கீழ்ப் பட்டிப்பளை ஆறு மறிக்கப்பட்டுச் சேனநாயக்க சமுத்திரம் உருவாயிற்று. அதன் நீரை நம்பிய வயல்களுக்கு விதைப்பு நாளையும் நீர் திறக்கும் நாளையும் விவசாயிகளும் அதிகாரிகளும் கூடும் ஆரம்பக் கூட்டமே முடிவு செய்கின்றது. தமிழர் வயலுக்கும் முஸ்லிம்கள் வயலுக்கும் வாய்க்கால் ஒன்றே, நாளும் ஒன்றே. பஞ்சாங்கத்திற்காக நெல் முந்தி விளைவதில்லை. ஆதலின் சென்ற சிறுபோகத்து அரிசியையோ கடையரிசியையோ இட்டே பலரும் பொங்குகின்றனர். அப்பொங்கல் குறையுடையதா என்பதே வினா.

முதலில் முறையைக் காண்போம். முதல்நாளே வீடு வாசலைத் துப்புரவாக்கி முற்றத்தைச் சாணத்தால் மெழுகுதல் வேண்டும். (மழை மிகுந்த ஆண்டுகளில் தாம்போதியை வெள்ளம் மேவிவிடுமாதலின், பானையையும் கரும்பையும் முன்கூட்டியே வாங்கி வைப்பவரே விவேகிகள்!) விடியலில் நீராடி, மெழுகிய இடத்தில் அரிசிமாவாற் கோலமிட்டு, நிறைகுடமும் குத்துவிளக்கும் வைத்து, பிள்ளையார் பிடித்து அறுகு சூட்டுவர். அடுப்புக் கற்கள் மூன்று. புதுப்பானையின் கழுத்தில் மஞ்சளிலையும் இஞ்சியிலையும் கட்டி, பாலும் நீரும் வார்த்து, கிழக்கு நோக்கி நின்று தீ மூட்டுதல் மரபு. பருவமழை ஓயாத காலமாதலின் ஞாயிறு முகிலுள் மறைந்திருத்தலும், அடுப்பைத் தாழ்வாரத்துக்கு மாற்ற நேர்தலும் உண்டு. அதனால் வழிபாடு பழுதாவதில்லை. திசை நோக்கி வணங்கினாற் போதும்.

பால் பொங்கி வழியும்போது தலைவன் இரு கையாலும் அரிசியை அள்ளி, பானையை மும்முறை சுற்றி இடுவான். பின்னர் ஏனையோர் இடுவர். வறுத்த பயறு, சர்க்கரை, தேங்காய்ப்பால், ஏலம் முதலியன சேர்த்துப் பொங்கல் இறக்கியபின், தலைவாழையிலையிற் படைத்து, தேங்காய் உடைத்து, கர்ப்பூரங் காட்டிப் பஞ்சபுராணம் ஓதுவர். துடக்குள்ள வீட்டார் அவ்வாண்டு பொங்குவதில்லை. வாக்கியம், திருக்கணிதம் ஆகிய இரு பஞ்சாங்கங்களும் ஞாயிறு மகரத்துட் புகும் நேரத்தில் வேறுபடுமாயின், ஊர்க் கோயில் எதனைப் பின்பற்றுகின்றதோ அதனையே வீட்டாரும் கொள்ளுதல் நன்று. இதுபற்றி அண்டை வீட்டாரோடு வாதிடுதல் வீண்.

இனி, அரிசியைப் பற்றிய வினா. மேற்கூறிய முறையில் எவ்விடத்தும் புதுநெல் இன்றியமையாததாக நிற்கவில்லை. ஞாயிற்றுக்கு நன்றி கூறுதல் ஒரு கடன்; முதல் விளைவை இறைவனுக்குப் படைத்து உண்ணுதல் மற்றொரு கடன். பின்னதற்குப் புதிர் என்று பெயர். அறுவடை முந்தும் நாட்டில் இரண்டும் ஒன்றாகிவிடும். பிந்தும் நாட்டிற் பிரிந்து நிற்கும். இது கிழக்குக்கே உரிய குறைபாடு அன்று. யாழ்ப்பாணத்திலும் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலுக்கு மறவன்புலவு வயலிலிருந்து புதிர் கொண்டுவரப்படுவது பொங்கலன்று அன்று, தைப்பூசத்தையொட்டியே. ஆகவே பழைய அரிசியிற் பொங்கியவர் குறை செய்தவரல்லர். புதிரை விட்டவரே ஒரு கடனை விட்டவர்.

இக்காலத்தில் விடுபட்டு வருவதும் அப்புதிரே. அறுவடை இயந்திரம் இறங்கினால் வயல் ஒரு பொழுதில் வெறுமையாகின்றது. நெல் வயற்கரையிலேயே விலைப்பட்டு ஆலைக்குப் போகின்றது. விளைவித்தவன் வீட்டு வாசலை ஒரு கதிரும் மிதிப்பதில்லை. அவனே பின்பு கடையில் அரிசி வாங்குகின்றான்! பொங்கலோடு கடன் முடிந்தது என்ற எண்ணமும் இதனோடு சேர்ந்தால், புதிர் என்னும் சொல்லுக்கு விடுகதை என்ற பொருள் மட்டுமே நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும்.

புதிர் எடுப்பதற்குப் பெருஞ்செலவு இல்லை. நல்ல நாளில், இயந்திரம் இறங்குமுன், வயலின் ஈசான மூலையில் அரிவாளால் ஒரு கைப்பிடிக் கதிர் கொய்து, வெள்ளைத் துணியிற் சுற்றித் தலையிற் சுமந்து வந்து சுவாமி அறையில் வைத்தல் வேண்டும். அதிற் சிறிதை உரலிற் குற்றி, வீட்டிலுள்ள அரிசியோடு கலந்து பாற்சோறாக்கிப் படைத்து, மூத்தோர் முதலாக எல்லோரும் உண்ணலாம். வயலில்லாதார் உறவினரிடமோ அயலவரிடமோ கதிர் கேட்டுப் பெறுதலில் இழுக்கில்லை. எஞ்சிய கதிர்களை வாசல் நிலையின் மேலே கட்டி, மறு ஆண்டுப் புதிர் வரும்வரை விட்டுவைக்கலாம்.